மதராஸ் சுப்ரீம் கோர்ட்டின் அதிகாரம் எதுவரை?

கோட்டைவாசல்:
“1801இல் வந்த மதராஸ் சுப்ரீம் கோர்ட் மாகாணம் முழுவதற்குமான நீதிமன்றம்” என்று பொருநை எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தஞ்சாவூர் மிராசுதாரர்கள் இருவருக்குள் நிலத்தகராறு என்றால் ஜில்லா கோர்ட்டுக்குப் போவார்கள், மாகாணத்துக்குள் கடைசி அப்பீல் சதர் அதாலத்தில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். சுப்ரீம் கோர்ட்டின் படியைக்கூட மிதிக்க முடியாது. ஆங்கிலேய அரசர் சாசனத்தால் வந்த அந்தக் கோர்ட்டின் அதிகாரம் மதராஸ் பட்டணத்துக்குள்தான்.

பொருநை:
அப்படியா? திருநெல்வேலியில் ஒரு வெள்ளைக்காரன் கொலை செய்தால் விசாரித்தது யார்? சுப்ரீம் கோர்ட்தானே! சாட்சி சொல்ல ஊர்க்காரர்கள் அத்தனை தூரம் மதராஸுக்கு வர வேண்டியிருந்தது. மாகாணம் முழுக்கத்தான்.

கோட்டைவாசல்:
வெள்ளைக்காரன் என்பதால் வந்த வழக்கு அது. திருநெல்வேலிக்காரர் ஒருவர் இன்னொரு திருநெல்வேலிக்காரர் மேல் அங்கே வழக்குப் போட முடியுமா? முடியாது. பட்டணத்துக்குள்தான்.

நெய்தல்:
ஆள்மீதான அதிகாரம் வேறு, இடத்தின் மீதான அதிகாரம் வேறு. முதலில் எதைப் பேசுகிறோம் என்று முடிவு செய்யலாமே? 1726இல் பட்டணத்து வழக்குகளுக்கென்று மேயர் கோர்ட் வந்தபோதே இதே குழப்பம் இருந்தது.

கோட்டைவாசல்:
1726இலா? கம்பெனி கொடுத்த 1687 சாசனத்திலேயே மேயர் கோர்ட் வந்துவிட்டது. 1726 என்பது அரசர் சாசனம். போன மாதமும் இப்படித்தான் சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்பு அந்த இடத்தில் இருந்த 1798 ரெக்கார்டர் கோர்ட்டை அப்படியே விழுங்கிவிட்டு எழுதினீர்கள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

நெய்தல்:
ரெக்கார்டர் கோர்ட்டை நான் மறுக்கவே இல்லை. அந்த இழையிலும் நீங்கள் யாரையும் பேச விடவில்லை.

பொருநை:
பட்டணத்துக்கு மட்டும் என்றால் 1862இல் அதை ஏன் சதர் அதாலத்தோடு சேர்த்து உயர் நீதிமன்றம் ஆக்கினார்கள்?

கோட்டைவாசல்:
தனித்தனியாக இருந்ததால்தானே சேர்த்தார்கள்! மாகாணத்து அப்பீல் சதர் அதாலத் வழியாக வந்தது. சுப்ரீம் கோர்ட் விட்டுப்போனது ஒரிஜினல் சைடை. அசல் சிவில் வழக்குகளை எடுக்கும் அந்தப் பிரிவு இன்றும் சென்னை நகரத்துக்குத்தான், மதுரைக்கு இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பொருநை:
சரி, கப்பல் வழக்குகளையும் அதே சுப்ரீம் கோர்ட்தான் விசாரித்தது. கடலும் பட்டணத்துக்குள்தான் இருந்ததா?

கோட்டைவாசல்:
கடல் அதிகாரம் தனியாகக் கொடுத்தது. பேச்சை மாற்றாதீர்கள். தஞ்சாவூர் நிலத்தகராறுக்குப் பதில் சொல்லுங்கள்.

பொருநை:
நீங்கள் முதலில் திருநெல்வேலிக் கொலைக்குச் சொல்லுங்கள்.