பொம்மைக் கார் ‘கன்வெர்ஷன்’: ‘உருமாற்றம்’ வேண்டாம், ‘படைபூட்டல்’ எப்படி?

அன்புள்ள ஐயா,

‘கன்வெர்ஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது நீங்கள் எழுதியிருந்தது:

> மேசைப் போர் ஆட்டத்துக்காகப் பொம்மைக் காரை ஆயுத வண்டியாக்குவதை ‘உருமாற்றம்’ என்றே சொல்லிவிடலாமே. ‘ஆயுதமயமாக்கல்’ வாயில் நுழையாது.

‘ஆயுதமயமாக்கல்’ எனக்கும் வேண்டாம், அது நாடுகளைப் பற்றிய செய்திச் சொல். ஆனால் ‘உருமாற்றம்’ பள்ளிப் பாடத்தில் தலைப்பிரட்டை தவளையாவதற்கு என்று நிலைத்துவிட்டது. அங்கே பழைய உரு மிஞ்சுவதில்லை. நம் வேலையில் கார் காராகவே இருக்கிறது, அதன்மேல்தான் எல்லாம் ஏறுகிறது.

2017இல் வந்த காஸ்லேண்ட்ஸ் என்ற மேசைப் போர் ஆட்டத்துக்கு ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் பொம்மைக் கார்கள்தான் காய்கள். அளவு ஏறக்குறைய 1:64, உள்ளங்கையில் அடங்கிவிடும். இங்கே குன்னூரில் பிள்ளைகளோடு செய்கிறேன். அடியில் இருக்கும் ரிவெட்டின் தலையை டிரில்லால் குடைந்தால் உலோகக் கூடு தனி, அடித்தட்டு தனி என்று கழன்று வரும். தீர்ந்துபோன ரீஃபிலை நறுக்கிக் கூரையில் ஒட்டினால் துப்பாக்கிக் குழல். ஜன்னலுக்குக் கொசுவலைத் துண்டு. அப்புறம் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. ஐப்பசி மழையில், பனிமூட்டத்துக்கு நடுவே ஸ்ப்ரே அடித்தால் பூச்சு வெளுத்துப் பொடிபோல் பூத்துவிடும் என்பதால் வெயிலுக்குக் காத்திருப்போம். பிரைமர் ஏறியதும் ரீஃபில் எது, கார் எது என்று தெரியாது. அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் முண்டியடிப்பார்கள்.

இதில் எல்லாமே பூட்டுகிற வேலை. ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், பெண்ணுக்கு நகை பூட்டுகிறோம். ‘படை’ என்றால் சேனை மட்டுமல்ல, ஆயுதமும்தான். அதனால் ‘படைபூட்டல்’. செய்து முடித்தது ‘படைபூட்டிய வண்டி’. ‘படைதிரட்டல்’ போல இங்கும் ஒற்று மிகாது.

திண்டுக்கல் பூட்டு நினைவுக்கு வரும் என்று முந்தைய மடலில் ஒரு தோழி எழுதியிருந்தார். ‘பூட்டு’ என்று தனியாக நின்றால் வரும்தான். ‘படை’ முன்னால் வந்து, ‘பூட்டல்’ என்று தொழிற்பெயராகவும் ஆனபின் யாருக்கும் அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டு மூன்று வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்று கட்டுகிற ‘கிட்பேஷ்’ஷையும் இதே சொல்லில் அடைத்துவிட வேண்டாம். அங்கே ஆயுதமே இல்லாமலும் இருக்கலாம். அதற்கு ‘ஒட்டுக்கட்டு’ என்று வைக்கலாமா? ‘கட்டு’ அங்கே சரியாக உட்கார்கிறதா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். ‘படைபூட்டல்’ பற்றி மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள், அதன் பிறகே நம் சொற்பட்டியலில் சேர்ப்போம்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து