செக்ரிகேட், செபரேட்: ரிப்போர்ட்ல எதை எழுதறது?

ஊத்தங்கரை பொண்ணு:
ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டியில இருக்கேன். ஒரு லாட்ல ஓட்டை பெரிசா போன பீஸ் கலந்துடுச்சு. 'செக்ரிகேட்' பண்ணி ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி கஸ்டமர் மெயில் வந்திருக்கு. 'செபரேட்'னே எழுதலாமா? செக்கிங்குக்கு எட்டு பொண்ணுங்களைத் தனி டேபிள்ல உட்கார வெச்சோம். அவங்களுக்கும் 'செக்ரிகேட்டட்' போடலாமா?

பாலக்கோடு வாத்தியார்:
மனுஷங்களுக்கு மட்டும் போட்டுடாதீங்கம்மா.

சேர்ந்திருக்கிறதைப் பிரிச்சாலே 'செபரேட்'. பிரிச்சது திரும்பக் கலக்காம ஒதுக்கி வெச்சாத்தான் 'செக்ரிகேட்'. லத்தீன்ல 'கிரெக்ஸ்'னா மந்தை, 'செ'ன்னா தனியா. சீக்கு வந்த ஆட்டை வேற பட்டியில அடைக்கிறோமே, அதுதான். உங்க கஸ்டமர் கேக்கறதும் அதைத்தான்: கெட்ட பீஸ் மறுபடி லைனுக்கு வரக் கூடாது.

ஆனா ஜனங்கள்னு வந்தா அந்தச் சொல்லோட அநியாயமும் கூடவே வரும். அமெரிக்காவுல கறுப்பினத்தவங்களுக்குத் தனி ரயில் பெட்டி வெச்சாங்க. 'தனியா இருந்தாலும் சமம்தான்'னு 1896ல பிளெஸ்ஸி வழக்குல சுப்ரீம் கோர்ட்டே ஒத்துக்கிச்சு. பள்ளிக்கூடத்துல அப்படிப் பிரிக்கக் கூடாதுன்னு பிரவுன் வழக்குல தீர்ப்பு வர 1954 ஆச்சு. நம்ம டீக்கடைங்கள்ல வெச்சிருந்த தனி டம்ளரை இங்கிலீஷ்ல எழுதினாலும் இந்தச் சொல்தான் பொருந்தும். வேலைக்காக ஒரு டேபிள்ல உட்கார்ந்த பிள்ளைங்க மேல அதை ஏத்தலாமா? 'எய்ட் இன்ஸ்பெக்டர்ஸ் வொர்க்ட் அட் எ செபரேட் டேபிள்'னு எழுதுங்க. 'கேர்ள்ஸ்'னு போடாதீங்க, அவங்க பாக்கிற வேலையைச் சொல்லுங்க.

காவேரிப்பட்டணம் மண்டி:
மாங்காயை சைஸ் வாரியா பிரிக்கிறதுக்கும் இதுவா சார்?

பாலக்கோடு வாத்தியார்:
அதுக்கு 'சார்ட்', இல்லைன்னா 'கிரேட்'. அழுகலைத் தனியா ஒதுக்கினா செக்ரிகேட்.

தருமபுரி டவுன்:
குப்பைக்கும் இதே சொல்தான். 2016 திடக்கழிவு விதியில மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பைன்னு மூணா செக்ரிகேட் பண்ணித் தரச் சொல்லியிருந்துச்சு. அப்படி இத்தனை வகையான்னு சொல்லும்போது செக்ரிகேட்டுக்கு அப்புறம் 'இன்டு' வரும், 'ஃப்ரம்' இல்ல.

ஊத்தங்கரை பொண்ணு:
கெட்ட பீஸை நாங்க 'என்ஜி'ன்னுதான் (நாட் குட்) எழுதுவோம். அப்ப 'என்ஜி பார்ட்ஸ் வேர் செக்ரிகேட்டட் ஃப்ரம் ஓகே பார்ட்ஸ் அண்ட் லாக்ட் இன் தி ரெட் பின்' சரிங்களா சார்?

பாலக்கோடு வாத்தியார்:
சரிம்மா. எத்தனை பீஸ்னும் சேர்த்துடுங்க, அதைத்தான் முதல்ல பாப்பாங்க.