ரைசன் 3200ஜி ப்ராசசரைக் கழற்றிவிட்டு ரைசன் 5600 போடலாமா, இல்லை மொத்த செட்டையும் மாற்றணுமா?

குடியாத்தம்_கேமர்:

அண்ணன்மார்களே, ஒரு குழப்பம். 2020 லாக்டவுனில் ஆன்லைன் வகுப்புக்கு என்று அப்பா வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப் என்னுடையது. ரைசன் 3 3200ஜி, ஏ320எம் மதர்போர்டு, 8 ஜிபி ரேம், கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). போன வருஷம் ஒரு பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது, அதைப் போட்டேன். கார்டு போட்டுவிட்டால் எல்லாம் பறக்கும் என்று நினைத்தேன், பறக்கவில்லை. வேலரன்ட் கேமில் சும்மா ஓடும்போது 120, 130 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வரும், ஆனால் பத்துப் பேரும் ஒரே இடத்தில் கூடி ஸ்மோக் போட ஆரம்பித்தால் ஐம்பதுக்கு விழுந்து, படம் அரை நொடி நின்று, திரும்பிப் பார்த்தால் நான் செத்திருப்பேன். டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் 100, கார்டு 50க்கு மேல் ஏறுவதே இல்லை.

சிரசு திருவிழா சீசனில் பிளெக்ஸ் கடையில் ராத்திரி பகலாக பேனர் டிசைன் செய்து 14,000 சேர்த்திருக்கிறேன். வேலூரில் ஒரு கடையில் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை, "ஏ320 போர்டா, அதில் புது ப்ராசசர் எதுவும் ஏறாது தம்பி, மொத்தமா மாத்திடு" என்று 32,000க்கு ஒரு பில் எழுதி நீட்டினார். அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டினால் கம்ப்யூட்டரையே தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். என்ன செய்யலாம்?

காட்பாடி_ஜங்ஷன்:

முதலில் சில கேள்விகள். 8 ஜிபி என்றால் ஒரே ஸ்டிக்கா, இரண்டு 4ஆ? விளையாடும்போது ப்ராசசர் சூடு எவ்வளவு? கூலரைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தாய்? அப்புறம் ஒரு சின்ன சோதனை: கேமில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பார். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டுதான் திணறுகிறது, ஏறவே இல்லை என்றால் ப்ராசசர் பக்கம் சிக்கல். இதைப் பார்க்காமல் பத்து பைசா செலவு செய்யாதே.

குடியாத்தம்_கேமர்:

பார்த்தேன் அண்ணா. 720-இலும் அதே எஃப்பிஎஸ்தான், ஒரு நம்பர்கூட நகரவில்லை. ரேம் ஒரே ஸ்டிக். சூடு 93, 94 காட்டுகிறது. என் ரூம் மொட்டை மாடியில் ஷீட் போட்டது, மத்தியானத்தில் நானே 94தான். சுத்தம் செய்ததெல்லாம் இல்லை, கார்டு போடத் திறந்ததோடு சரி.

வாலாஜா_பார்ட்ஸ்:

93 என்றால் உன் ப்ராசசர் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடுகிறது தம்பி. 3200ஜி-க்கு எல்லை 95 டிகிரி, அதை நெருங்க நெருங்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊரில் கத்திரி வெயிலில் வெளியிலேயே 40-ஐத் தாண்டுகிறது, ஷீட் ரூம் வேறு. கூலரின் தகட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவே பார், ஐந்து வருஷத் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே புது தெர்மல் பேஸ்ட் தடவினாலே சூடு நன்றாக இறங்கும். பேஸ்ட் டியூப் சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது ரேம். ஒரே ஸ்டிக் என்றால் ப்ராசசருக்கு ஒரே பாதை, இரண்டாவது ஸ்லாட்டிலும் போட்டால் இரண்டு பாதை. 8 ஜிபி இந்தக் காலத்தில் பத்தவும் பத்தாது, பின்னால் பிரவுசர் ஒன்று திறந்திருந்தால் போதும், கேம் டிஸ்க்கைத் தேடிப் போகும், நீ சொன்ன அந்த அரை நொடி நிற்பதில் பாதி அதுவாகத்தான் இருக்கும். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 வாங்கு, பழசாக இருந்தாலும் பரவாயில்லை. போட்ட பிறகு பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போய் எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற செட்டிங்கை ஆன் செய். பலரும் இதை மறந்துவிட்டு 3200 ரேமை 2400-இல் வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள்.

இனி ப்ராசசர். "ஏறாது" என்று சொன்னவர் 2021-இலேயே நின்றுவிட்டார். ரைசன் 5000 வரிசையை ஏ320 போர்டிலும் போடலாம் என்று 2022-இல் ஏஎம்டியே அறிவித்து, போர்டு கம்பெனிகள் புது பயாஸ் விட்டன. ஆனால் எல்லா போர்டுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. சிபியு-இசட் என்ற சின்ன சாஃப்ட்வேரைப் போட்டு உன் போர்டின் முழுப் பெயரையும் ரிவிஷனையும் எடுத்து, கம்பெனி தளத்தில் சிபியு சப்போர்ட் லிஸ்ட்டைத் திற. அதில் 5600 என்ற வரி இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று போட்டிருக்கிறதா, அவ்வளவுதான்.

எதை வாங்குவது? உன்னுடையது நான்கு கோர், நான்கு த்ரெட், எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற வேக மெமரி) வெறும் 4 எம்பி. 5600 ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், கேஷ் 32 எம்பி. கேமுக்கு அந்தக் கேஷ்தான் உயிர். 5600ஜி-யும் 5500-ம் ஆறு கோர்தான், ஆனால் கேஷ் 16 எம்பி. உன்னிடம் கார்டு இருக்கும்போது, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற 5600ஜி-க்குக் காசு கொடுப்பது, வீட்டில் கிணறு இருக்கும்போது தண்ணி லாரி வரவழைப்பது மாதிரி. 5500 நல்ல விலை வித்தியாசத்தில் வந்தால் யோசிக்கலாம். சூடு, கரண்ட் பற்றிக் கவலை வேண்டாம், பழசும் 65 வாட்ஸ், 5600-ம் 65 வாட்ஸ். 105 வாட்ஸ் ஆசாமிகளை மட்டும் இந்த போர்டில் ஏற்றாதே, ப்ராசசருக்குக் கரண்ட்டைச் சீராக்கித் தருகிற விஆர்எம் மேல் ஒரு ஹீட்சிங்க்கூட இருக்காது.

ஒன்று ஞாபகம் வை, 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்கணும். மாற்றி முடித்துவிட்டுக் கேபிளை போர்டில் சொருகி, "ப்ராசசர் டெட்" என்று என்னிடம் ஓடி வந்தவர்கள் இதுவரை மூன்று பேர்.

பெட்டியோடு வருவதை வாங்கு, கூலரும் வரும், மூன்று வருஷ வாரண்டியும் உண்டு. ட்ரே, அதாவது பெட்டி இல்லாதது என்று சொல்லிக் குறைத்துத் தந்தால் கூலர் இருக்காது, வாரண்டி கடைக்காரர் வாய் வார்த்தைதான்.

கரண்ட்_போச்சு:

வாலாஜா அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் பயாஸ் அப்டேட்டை ஏதோ ஆப் அப்டேட் மாதிரி ஒரே வரியில் தாண்டிப் போகிறார். நான் ஆற்காடு. இதே ஏ320-இல் இதே வேலை செய்தேன். சாயங்காலம் காற்று மழை வரும்போல இருந்தது, ஐந்து நிமிஷ வேலைதானே என்று உட்கார்ந்தேன். 64 சதவீதம். ஃபேன் நின்றது, லைட் போனது, பக்கத்து வீட்டில் சீரியல் சத்தமும் நின்றது. கரண்ட் வந்த பிறகு போர்டு வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. இந்த மலிவு போர்டுகள் பெரும்பாலானவற்றில் ப்ராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பட்டன் கிடையாது. கடைசியில் மொபைல் சர்வீஸ் செய்கிற ஒரு அண்ணன், எட்டுக் கால் இருக்கிற அந்தச் சின்ன சிப்பைப் பிடுங்கி, ப்ரோகிராமர் கருவியில் வைத்து எழுதி, திரும்ப பற்றவைத்துக் கொடுத்தார். அவர் இல்லையென்றால் போர்டு குப்பைக்குத்தான்.

அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதே. இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுகிற அந்த ஒரு நொடியில் ரீஸ்டார்ட் ஆகிற மெஷின் உண்டு, முன்னாலேயே ஒரு தடவை மெயினை ஆஃப் செய்து சோதித்துக்கொள். பென் டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய், பழைய ப்ராசசர் இருக்கும்போதே அப்டேட்டை முடி, பயாஸுக்குள்ளிருந்தே செய், விண்டோஸ் வழியாக வேண்டாம்.

இன்னொரு சோகமும் எனக்கே நடந்ததுதான். கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி நேராக மேலே இழுத்தேன். காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டு, லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4-இல் (நம் போர்டுகளின் ப்ராசசர் சாக்கெட்) பின் எல்லாம் ப்ராசசர் அடியில்தான். ஒரு ஓரத்தில் ஏழு பின் நாற்று சாய்ந்த மாதிரி படுத்திருந்தது. லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின் மேலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன், ஒரு மணி நேரம் ஆனது. நீ அப்படிச் செய்யாதே. முதலில் ஒரு கேமை இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கு, ஆஃப் செய்து ஒயரைப் பிடுங்கு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் திருகி இளக்கு, அப்புறம்தான் தூக்கணும்.

ஆம்பூர்_எல்லை:

எல்லாரும் ஏற்றி விடுகிறீர்கள். ஏஎம்4 முடிந்துபோன கதை, அதில் எதற்கு 14,000 போடணும்? ஒரு வருஷம் பொறுத்து அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போ. நாளைக்கு அந்தக் கேபினெட் எஸ்எம்பிஎஸ் வெடித்தால் எல்லாம் போகும்.

வாலாஜா_பார்ட்ஸ்:

ஏஎம்5 என்றால் போர்டு, டிடிஆர்5 ரேம், ப்ராசசர் மூன்றையும் சேர்த்து வாங்கணும் பாய், அந்தக் கடைக்காரரின் 32,000-க்கே திரும்பப் போகிறோம். பையன் கையில் இருப்பது 14. எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 1650 வெறும் 75 வாட்ஸ் கார்டு, இப்போதைக்கு ஓடும். நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 மாதிரி 8 பின் கேட்கிற கார்டுக்குப் போனால் முதலில் எஸ்எம்பிஎஸ், பிறகுதான் கார்டு.

காட்பாடி_ஜங்ஷன்:

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிற ஆசை இருந்தால் காலை ரயிலில் காட்பாடியிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சம்தான். ஆனால் ஆன்லைன் விலையை முதலில் பார்த்துக்கொண்டு போ. ஞாயிறு போய் ஷட்டரைப் பார்த்துவிட்டு வராதே, நான் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம்_கேமர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லிஸ்ட்டில் 5600 இருந்தது. முதலில் சுத்தம் செய்தேன், தூசி நிஜமாகவே கம்பளி மாதிரி உரிந்து வந்தது. சூடு 78. இரண்டாவது ரேம் போட்டதும் அந்த அரை நொடி நிற்பது கிட்டத்தட்டப் போய்விட்டது, சண்டையில் 80-க்குக் கீழே விழவில்லை. இதோடு நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் காசு கையில் இருக்கும்போது மனசு எங்கே கேட்கிறது, 5600 வாங்கிவிட்டேன். பயாஸை பிளெக்ஸ் கடையில் பிரிண்டர் யுபிஎஸ்ஸில் வைத்து முடித்தேன், முதலாளி பக்கத்திலேயே நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். திருகித் திருகித்தான் எடுத்தேன், ஒரு பின்கூட வளையவில்லை.

இப்போது பிரச்சினை, மாட்டி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் எஃப்டிபிஎம் ஏதோ மாறிவிட்டது, ஒய் அழுத்து அல்லது என் அழுத்து என்று நிற்கிறது. கையை வைக்கவே பயமாக இருக்கிறது. போனில் இருந்து எழுதுகிறேன். சீக்கிரம் யாராவது.

கரண்ட்_போச்சு:

பயப்படாதே. எஃப்டிபிஎம் என்பது ப்ராசசர் பக்கம் பாதுகாப்புச் சாவிகளை வைக்கிற இடம், புது ப்ராசசர் வந்தால் கேட்கும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டுகிற விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறாயா? போட்டிருந்தால் ரெகவரி கீ கையில் இல்லாமல் ஒய் அழுத்தாதே, விண்டோஸ் திறக்காது. சந்தேகம் என்றால் போனிலேயே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் கீ இருக்கிறதா என்று பார். போடவில்லை என்றால் தைரியமாக ஒய்.

குடியாத்தம்_கேமர்:

அக்கவுண்ட்டில் கீ எதுவும் இல்லை, நான் போட்டதும் இல்லை. ஒய் அழுத்தினேன். வந்துவிட்டது அண்ணா. வேலரன்ட்டில் 200-க்கு மேல், சண்டையிலும் 150-க்குக் கீழே இல்லை. ஜிடிஏ 5-இல் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை, இப்போது கார்டு 98-இல் நிற்கிறது. பழைய 3200ஜி-யை பிளெக்ஸ் கடை முதலாளி கேட்கிறார், அவர் கம்ப்யூட்டரும் ஏஎம்4 போர்டுதானாம். எவ்வளவு சொல்லலாம்?