எக்ஸ்.இ.வி 9இ: பார்க்க அசத்துது, பின் சீட்டில் அம்மாவுக்கு ஒத்துவருமா?

காவிரிக்கரை (கேள்வி)

மஹிந்திரா எக்ஸ்.இ.வி 9இ மின்சாரக் கார் வாங்கலாமா என்று பார்க்கிறோம். ஊர் திருச்சி. வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், 70 வயது அம்மா (முழங்கால் வலி உண்டு), 8 வயது, 4 வயதுப் பிள்ளைகள். தினமும் 40 கி.மீ ஓட்டம், மாதம் ஒருமுறை சென்னை, கோடை விடுமுறையில் கொடைக்கானல். தனி வீடு, ஆனால் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு.

ஷோரூமில் பார்த்தவரை வெளித்தோற்றம் மிகவும் பிடித்துவிட்டது. கேட்க நினைப்பது:

1. சரிந்த கூரை பின் சீட்டுக்கு இடைஞ்சலா?
2. 663 லிட்டர் டிக்கி என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு ஏற்றலாம்?
3. 59 யூனிட் (கிலோவாட் அவர்) பேட்டரி போதுமா, 79 தேவையா?
4. வீட்டு வயரிங்கில் என்ன மாற்ற வேண்டும்?

நாலுசக்கரம்

முதல் இரண்டுக்கும் நான் சொல்றேன். கரண்ட் சமாச்சாரத்தை ஆம்பியர் பார்த்துக்குவார்.

2022 ஆகஸ்ட் 15 அன்னைக்கு இங்கிலாந்துல பான்பரியில காட்டின மாதிரி வடிவத்துக்கும், 2024 நவம்பர் 26 அன்னைக்குச் சென்னையில வெளியிட்ட வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. காட்சிக்கு வெச்ச வடிவத்த இவ்வளவு கிட்டத்துல தயாரிப்புக்குக் கொண்டுவர்றது நம்ம நாட்டுல அபூர்வம், அதுக்கு மனசாரப் பாராட்டணும். நீளம் 4789 மி.மீ, அகலம் 1907, உயரம் 1694, இரண்டு அச்சுக்கும் நடுவுல 2775. முதல்ல இந்த அகலத்த மனசுல வெச்சுக்குங்க. கண்ணாடிகளையும் சேர்த்தா இரண்டு மீட்டரத் தாண்டிடும். உங்க வீட்டுக் கேட்டையும் தெருமுனைத் திருப்பத்தையும் டேப்ப வெச்சு அளந்துட்டு அப்புறம் புக் பண்ணுங்க. திரும்புற வட்டம் 10 மீட்டர்தான், இந்த நீளத்துக்கு அது ரொம்ப நல்ல அளவு. அகலம் மட்டும் திருப்பத்தால குறையாது.

இப்ப பின் சீட்டு. கால் நீட்ட இடம் தாராளம். நடுவுல மேடு இல்லாத சமதளத் தரை, மூணாவது ஆளுக்கும் கால் வைக்க வசதி. சிக்கல் வேற இடத்துல இருக்கு. பேட்டரி தரைக்கு அடியில கிடக்கு, அதனால தரை மேல ஏறுது. கூரையோ பின்னால போகப்போகச் சரியுது, அதனால சீட்ட அதுக்கு ஏத்தபடி உயர்த்த முடியாது. இரண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிறது நம்ம தொடை. உட்கார்ந்தா முழங்கால் இடுப்பைவிட மேல நிக்கும், தொடைக்கு அடியில தாங்கல் குறையும். பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. வளர்ந்தவங்களுக்கு இரண்டு மணி நேரத்துல இடுப்புலயும் முழங்கால்லயும் தெரியும்.

அம்மாவக் கூட்டிட்டுப் போய் இத மட்டும் பாருங்க. பின் சீட்டுல உட்கார வெச்சு, பாதம் தரையில முழுசாப் பதிஞ்சிருக்கும்போது தொடைக்கும் சீட்டு முனைக்கும் நடுவுல உங்க உள்ளங்கை எவ்வளவு தூரம் நுழையுதுன்னு பாருங்க. நாலு விரலும் சுலபமா உள்ள போச்சுன்னா நீண்ட பயணம் அவங்களுக்குக் கஷ்டம். ஏறும்போது தலை எவ்வளவு குனியுது, இறங்கும்போது கை எதப் பிடிக்குதுன்னும் கவனிங்க. ஒரு தடவ ஏறி இறங்கினாப் பத்தாது, நாலஞ்சு தடவ செய்யச் சொல்லுங்க. முழங்கால் வலி மூணாவது தடவைலதான் பேசும்.

குழந்தை சீட்டு வைக்கிற முறை: 4 வயதுக்கு ஐசோஃபிக்ஸ் சீட்டு (வண்டிச் சீட்டுல இருக்கிற கொக்கியில நேரா மாட்டுறது) வலது ஜன்னல் பக்கம். 8 வயதுக்குப் பூஸ்டர் (பெல்ட் சரியாப் பொருந்த உயர்த்துற சீட்டு) நடுவுல. அம்மா இடது ஜன்னல் பக்கம், அப்பத்தான் நடைபாதைப் பக்கமா இறங்க முடியும். இரண்டு குழந்தை சீட்டையும் இரண்டு ஓரத்துல வெச்சுட்டு அம்மாவ நடுவுல ஏறச் சொல்லாதீங்க, அந்த முழங்காலால முடியாது. நடுவுல பூஸ்டர் வெக்கும்போது பெல்ட் கொக்கி அதுக்கு அடியில புதையும். அகலம் குறைந்த பூஸ்டரா வாங்கி, குழந்தைய உட்கார வெச்சே மாட்டிப் பாருங்க. பாரத் என்கேப்ங்கிற மோதல் பாதுகாப்புச் சோதனையில பெரியவங்களுக்கு 32க்கு 32, குழந்தைகளுக்கு 49க்கு 45 வாங்கின வண்டி இது. பெல்ட்டும் சீட்டும் சரியா மாட்டினாத்தான் அந்த மதிப்பெண்ணுக்குப் பலன்.

டிக்கி: 663 லிட்டர்ல சந்தேகமே வேண்டாம், நல்ல ஆழமும் அகலமும் இருக்கு. ஆனா பின் கண்ணாடி சரியறதால உயரமா அடுக்க முடியாது. பெரிய பெட்டிகள படுக்கவெச்சு, மேல துணிப்பை போடுங்க. மடக்குற சக்கர நாற்காலி, அரிசி மூட்டை மாதிரிச் சாமான நல்லாவே ஏத்தலாம். நிமிர்த்தி வெக்கிற பிரிட்ஜ் பெட்டி மாதிரிச் சமாச்சாரம் ஆகாது. முன்னால பானெட்டுக்கு அடியில இன்னொரு 150 லிட்டர் இருக்கு. சார்ஜர் கேபிள், காற்று அடிக்கிற கருவி, முதலுதவிப் பெட்டி எல்லாத்தையும் நிரந்தரமா அங்க வெச்சுட்டா, நடுவழியில சார்ஜ் போட டிக்கியில இருக்கிற பெட்டிய எல்லாம் இறக்க வேண்டிய வேலை இல்ல.

இன்னும் இரண்டு விஷயம். மேல இருக்கிற கண்ணாடிக் கூரை திறக்காது. அதனால டெஸ்ட் டிரைவ சாயங்காலம் வெக்காம மதியம் 1 மணிக்கு வெய்யுங்க. வண்டிய அரை மணி நேரம் வெயில்ல நிறுத்தச் சொல்லி, பின் சீட்டுல உட்கார்ந்து, ஏ.சி எத்தனை நிமிஷத்துல குளிருதுன்னு பாருங்க. பின்பக்கம் பார்வையும் குறைவு, கேமராவ நம்பித்தான் பின்னால எடுக்கணும். மழையிலயும் சேத்துலயும் கேமரா லென்ஸ தினம் துடைக்கிற பழக்கம் வேணும்.

ஆம்பியர்

கணக்காகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

தினம் 40 கி.மீ-க்கு நகரத்தில் சுமார் 6 முதல் 7 யூனிட் ஆகும். சார்ஜ் இழப்பு 10 சதவீதம் சேர்த்து 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆம்ப் பிளக்கில் போடும் கையடக்க சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் தரும். இரவு இரண்டரை மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்பிவிடும். ஆகவே தினசரி உபயோகத்துக்கு 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் கட்டாயமில்லை. சென்னை போய்வந்த மறுநாளே மறுபடி வெளியூர் கிளம்புவோருக்குத்தான் அது தேவை. 79 பேட்டரியை முழுதாக ஏற்ற 7.2-ல் 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, 11 கிலோவாட்டில் 8 மணி நேரம்.

15 ஆம்ப் என்றாலும் பழைய பிளக் பாயின்டில் போடாதீர்கள். பழைய வீடுகளில் ஹீட்டருக்கு இழுத்த 2.5 சதுர மி.மீ ஒயர்தான் பெரும்பாலும் இருக்கும். ஹீட்டர் 15 நிமிடம் ஓடும், வண்டி மணிக்கணக்கில் இழுக்கும். ஒயர் தாங்கினாலும், ஸ்குரூ தளர்ந்த இடத்தில் சூடேறி சாக்கெட் உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைனாக 4 சதுர மி.மீ செம்பு ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி (மின்சாரம் அளவை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), தொழிற்சாலைகளில் போடும் நீலநிற 16 ஆம்ப் சாக்கெட் போடுங்கள். முதல் வாரம் சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி, முனைகளை இறுக்க வேண்டும்.

சுவர் சார்ஜர் போடுவதானால் 7.2-க்கு ஒரே ஃபேஸில் 32 ஆம்ப் தொடர்ந்து இழுக்கும். 6 சதுர மி.மீ ஒயர், தூரம் 20 மீட்டருக்கு மேல் என்றால் 10. 40 ஆம்ப் எம்.சி.பி, ஏ வகை ஆர்.சி.சி.பி. சாதாரண ஏ.சி வகை ஆர்.சி.சி.பி வண்டிக்கு ஏற்றதல்ல, கசிவில் நேர்மின்சாரம் (டி.சி) கலந்தால் அதற்குத் தெரியாது. மின்வாரியத்தில் அனுமதித்த லோடை உயர்த்தி மூன்று ஃபேஸாக மாற்ற விண்ணப்பியுங்கள். அதைச் செய்யாமல் 32 ஆம்ப் இழுத்தால் கோடைக்கால இரவில் இரண்டு ஏ.சி-யும் சேர்ந்து ஓடும்போது மெயின் ஃபியூஸ் போகும்.

எர்த் மிக முக்கியம். வண்டி எர்த்தைச் சோதித்த பிறகுதான் மின்சாரம் வாங்கும். 'சார்ஜ் ஏறவில்லை' என்று வரும் புகார்களில் நிறைய, வண்டியின் குறை அல்ல, காய்ந்துபோன எர்த் குழிதான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தனி எர்த் குழி போடுங்கள்.

பில்லையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் வண்டி மட்டும் 400 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். நம் மின்வாரியக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண வரிசையே மாறிவிடும். வீட்டுச் செலவோடு கூட்டிப் பாருங்கள்.

59-ஆ 79-ஆ? முழு சார்ஜில் ஓடும் தூரம் சோதனைக்கூடக் கணக்கில் 542, 656 கி.மீ. நெடுஞ்சாலையில் 100 வேகம், ஏ.சி, ஐந்து பேர் என்றால் 100 கி.மீ-க்கு 17 முதல் 18 யூனிட் வையுங்கள். திருச்சி–சென்னை 330 கி.மீ, ஏறத்தாழ 59 யூனிட். 59 பேட்டரியில் ஒரு நிறுத்தம் கட்டாயம், விழுப்புரம் பக்கம். 79-ல் நிற்காமலே போய் 20 யூனிட் மிச்சம் இருக்கும். 20-லிருந்து 80 சதவீதம் வரை ஏற 20 நிமிடம் என்பது 175 கிலோவாட் சார்ஜரில் மட்டும். சாலையில் அதிகம் இருப்பது 60 கிலோவாட், அதில் 50 நிமிடத்துக்கு மேல். அதே சார்ஜர் பெட்டியின் இன்னொரு கன்னில் (சார்ஜ் பிளக்கில்) வேறு வண்டி நின்றால் பல இடங்களில் 30, 30 ஆகப் பிரிந்துவிடும். மாதம் ஒருமுறை சென்னை, வயதான அம்மா, சின்னப் பிள்ளை என்றால் என் ஓட்டு 79-க்கு.

இது எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. வாரம் ஒருமுறை 100 சதவீதம் வரை ஏற்றுங்கள். இந்த வகையில் வோல்டேஜ் ஏறியிறங்காமல் சமமாக நிற்பதால், முழுதாக ஏற்றாவிட்டால் மீதி எவ்வளவு என்ற கணக்கு வண்டிக்கே பிசகும்.

மலைப்பாதை

கொடைக்கானலுக்கு ஒரு குறிப்பு. ஆட்களோடு 2400 கிலோ வண்டி வத்தலக்குண்டிலிருந்து சுமார் 1800 மீட்டர் ஏறணும். அந்த உயரத்துக்கு மட்டும் 12 யூனிட், வழக்கமான ஓட்டச் செலவு தனி. இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து மின்சாரமாக்குவதால் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிடும். ஆனால் மேலே தங்கும் விடுதியில் 100 வரை ஏற்றிவிட்டு இறங்காதீங்க. நிறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் போக இடமில்லை, மோட்டார் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் பட்டைமேல் விழும். 80-ல் நிறுத்துங்க.

சக்கரம்: 19 அங்குலத்தையே எடுங்க. 245/55 டயரின் பக்கச்சுவர் 135 மி.மீ, 20 அங்குலத்தின் 245/50-ல் சுமார் 123 தான். பள்ளத்தில் அலாய் வளையாமல் காப்பது அந்த 12 மி.மீ. அம்மாவின் முதுகுக்கும் அதுதான் மெத்தை. ஸ்டெப்னி வருகிறதா, பஞ்சர் கிட் மட்டுமா என்று பில் போடுமுன் எழுத்தில் வாங்குங்க. பக்கச்சுவர் கிழிந்தால் கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. எர்த் குழியையும் கேட்டையும் இந்த வாரமே பார்த்துவிடுகிறோம். அம்மாவுக்குத் தொடைத் தாங்கல் போதவில்லை என்றால் வேறு வழி உண்டா?

நாலுசக்கரம்

இரண்டு வழி இருக்கு. ஒண்ணு, அம்மா முன் சீட்டுல, வீட்டுக்காரங்க பின்னால பிள்ளைகளோட. முன் சீட்டுல தொடைத் தாங்கல் நல்லா இருக்கு, ஏறி இறங்கவும் கூரை இடிக்காது. தொடைக்குத் தனிக் குஷன் வாங்கிப் பின் சீட்டுல போடாதீங்க, திடீர்னு பிரேக் போட்டா குஷனோட ஆளும் பெல்ட்டுக்கு அடியில வழுக்குவாங்க.

இரண்டாவது, அதே வண்டிக் குடும்பத்துல 2025 நவம்பர்ல வந்த எக்ஸ்.இ.வி 9எஸ். ஏழு சீட்டு, கூரை சரியாம நேரா போகுது, 59, 70, 79னு மூணு பேட்டரி. பேட்டரி தரை அதுலயும் உண்டுதான், ஆனா பின்னால தலைக்கு இடமும் கதவு வாசல் உயரமும் கூடுதல். மூணாவது வரிசைய மடக்கினா 527 லிட்டர் டிக்கி, முன்னால அதே 150. அழகுல 9இ-யத் தொட முடியாது, அத நானும் ஒத்துக்கிறேன். ஒரே நாள்ல இரண்டு வண்டியையும் வரச்சொல்லி, அந்த உள்ளங்கைச் சோதனைய அம்மாவ வெச்சு இரண்டுலயும் செஞ்சு பாருங்க. நீங்க ஓட்டிப் பார்க்குறத அதுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்.