மங்கிப்போன வண்ணக் கண்ணாடிக்கு ஒரு கலைச்சொல்: ‘சிக் கிளாஸ்’ பற்றிய மடலாடல்

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர், பிட்ஸ்பர்க்)

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

அமெரிக்காவில் 1930களில் அச்சில் அழுத்தி வார்க்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சமையற்பாத்திரங்களைத் துப்புரவு செய்து பேணுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘டிப்ரஷன் கிளாஸ்’ என்பதைப் ‘பெருமந்தக் காலக் கண்ணாடி’ என்று வைத்துக்கொண்டேன். பொருளாதாரப் பெருமந்தம் என்ற தொடர் வழக்கில் இருப்பதால் அதில் தயக்கமில்லை. நான் தடைபட்டு நிற்பது ‘சிக் கிளாஸ்’ என்ற சொல்லில்.

கையேட்டின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பழைய பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்மையாக ஒரு மங்கல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கடினநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படலமாக இருந்தால், வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து மென்துணியால் துடைக்கும்போது கரைந்துவிடும். கண்ணாடியின் மேற்பரப்பே சிதைந்திருந்தால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் மிஞ்சும். சேகரிப்பாளர்கள் இந்த இரண்டாவது வகையை மட்டுமே ‘சிக் கிளாஸ்’ என்கிறார்கள்.

என்னிடமுள்ள பச்சை நிறத் தண்ணீர்க் குடுவையில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. வினிகரில் ஊறிய பிறகு, கழுத்தை ஒட்டியிருந்த வெள்ளை வளையம் விரல் பட்டதும் வழிந்து போயிற்று. அடியிலிருந்த சாம்பல் மூட்டம் அசையவில்லை. ஈரமாக இருந்தவரை குடுவை முழுவதும் தெளிவாகத் தெரிந்தது; காயக் காய, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மூட்டம் திரும்பி வந்தது. ‘மங்கல்’ என்று மட்டும் எழுதினால் இரண்டுக்கும் அது பொருந்திவிடும். படிப்பவர் இரண்டையும் ஒரே முறையில் தேய்ப்பார். ஆகவே போகக்கூடியதற்கு ஒரு சொல்லும் போகாததற்கு வேறொரு சொல்லும் வேண்டும். முதலாவதற்குப் ‘படிவு’ போதும் என்று நினைக்கிறேன். இரண்டாவதற்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருநெல்வேலி)

அம்மா, வணக்கம்.

பெயர் வைக்குமுன் நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். சாதாரணப் பாத்திரக் கண்ணாடி சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. சிலிக்கா ஒரு வலைபோல் பின்னியிருக்க, சோடியம் அயனிகள் அதன் இடைவெளிகளில் தங்கியிருக்கின்றன. ஈரம் நெடுநாள் தங்கினால், நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே நுழைய, சோடியம் வெளியேறுகிறது. வெளியேறிய சோடியம் தேங்கிய நீரைக் காரமாக்குகிறது; அதன் பி.எச். மதிப்பு 9-ஐத் தாண்டினால் சிலிக்கா வலையே கரையத் தொடங்குகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் சூடும் காரத்தன்மை மிக்க தூளும் சேர்ந்து இதே வேலையை விரைவாகச் செய்கின்றன. நீர் மென்னீராக இருந்தால் கேடு இன்னும் அதிகம். சுண்ணாம்புப் படிவைக் கண்டு கடினநீரை நொந்துகொள்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

உங்கள் குடுவை ஈரத்தில் தெளிவாகத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. மேற்பரப்பிலுள்ள நுண்குழிகளை நீர் நிரப்பியதும் ஒளி சிதறுவது குறைகிறது. நீர் ஆவியானதும் சிதறல் திரும்புகிறது. பழம்பொருள் விற்பவர்களுள் சிலர் கனிம எண்ணெய் தடவி இந்த மங்கலை மறைப்பதும் இந்த அடிப்படையில்தான்.

எனவே நேர்ந்திருப்பது இழப்பு. ‘காரமிழப்பு’ என்றும், அவ்வாறு ஆன கண்ணாடியைக் ‘காரமிழந்த கண்ணாடி’ என்றும் சொல்லலாம். சொல்லைப் பிரித்தாலே காரணம் விளங்கிவிடும் என்பது இதன் நன்மை.

மறுமொழி (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

குழுவினர்க்கு வணக்கம்.

ஒளியிழந்து மங்குவதற்குத் தமிழில் சொல் இல்லாதது போல் நாம் தேடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ‘வாளற்றுப் புற்கென்ற கண்ணும்’ என்று குறள் தொடங்குவதை இங்குள்ள எல்லோரும் அறிவோம். வாள் என்பது ஒளி. அது அற்றுப்போய், பார்வை மங்கிய நிலைதான் ‘புற்கென்றல்’. வழி பார்த்துப் பார்த்து மங்கிய கண்ணின் மங்கல் வெளியிலிருந்து வந்து படிந்த தூசியன்று. கண்ணுக்கே நேர்ந்த குறை. மொழிபெயர்ப்பாளர் கேட்கும் வேறுபாடு இதில் முழுமையாக இருக்கிறது. ஆகவே ‘புற்கு’ என்று பெயராக வைத்து, ‘புற்குற்ற கண்ணாடி’ என்று வழங்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘கண்ணாடி’ என்பதே இப்பொருளுக்கு நேரான பெயரன்று. ஆடி என்றால் முகம் பார்ப்பது. ஊடுருவிப் பார்க்கத்தக்க பொருளுக்குப் ‘பளிங்கு’ என்ற பெயர் தொன்றுதொட்டு இருக்கிறது. கையேடு புதிதாக வருவதால், ‘வண்ணப் பளிங்குக் கலம்’ என்று தொடக்கத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

ஐயா இருவருக்கும் நன்றி.

பளிங்கு என்றால் இன்றைய வாசகர் தரையில் பதிக்கும் கல்லைத்தான் நினைப்பார். அதை இப்போது எடுத்துக்கொள்ள இயலாது. ‘புற்கு’ என்ற சொல்லை நான் மிகவும் விரும்பினேன். ஆனால் என் வாசகர்கள் கழுவுதொட்டியின் அருகில் கையேட்டைத் திறந்துவைத்திருப்பவர்கள். உரை இல்லாமல் விளங்காத சொல்லைப் பார்த்ததும் அதைத் தாண்டிப்போய் வினிகர் புட்டியைத் தேடுவார்கள். மேலும் ‘புற்கை’ கூழைக் குறிப்பதால், சமையற்பாத்திரம் பற்றிய நூலில் பிழை நேர இடமுண்டு.

‘காரமிழப்பு’ நுட்பமான சொல்தான். ஆயினும் சமையலறையில் காரம் என்றால் மிளகாயின் உறைப்புதான். குடுவையில் வைத்த ஊறுகாய் காரம் இழந்ததாகப் படிப்பவர் எண்ணினால் அது அவர் குற்றமாகாது.

மறுமொழி (அருங்காட்சியகப் பணியாளர், யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம்.

மூலச்சொல்லில் ‘சிக்’ (நோயுற்ற) என்று உள்ள உருவகத்தை ஏன் விட வேண்டும் என்று கேட்கிறேன். கண்ணாடிப் பாதுகாப்புத் துறையிலும் இதை நோய் என்றே சொல்கிறார்கள். இலண்டனில் 1670களில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் ஈயக் கண்ணாடி செய்யத் தொடங்கியபோது, அவருடைய முதற்கலங்களில் நுண்ணிய வெடிப்புகள் வலைபோலப் படர்ந்தன. கலவையின் சேர்மான விகிதத்தை மாற்றித்தான் அந்தக் குறையைத் தீர்த்தார். அவ்வகைக் கேடும் நோய் என்றே துறையில் எண்ணப்படுகிறது. ‘நோயுற்ற கண்ணாடி’ என்றால் எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் விளங்கும். வினாகிரியில் வைத்தும் போகாவிட்டால் அது நோய் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

அம்மா, ரேவன்ஸ்கிராப்ட் காலத்துக் கேட்டுக்கு ‘நுண்விரிசல்’ என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்; அது இதனின்றும் வேறு என்று கையேடும் பிரித்துச் சொல்கிறது. ‘நோய்’ என்பதில் எனக்கு இரண்டு அச்சங்கள். நோய் என்றால் மருந்து உண்டு என்று நம்புவார்கள். மருந்து தேடிப் பற்பசை, அமிலம், எஃகுக் கம்பிநார் என்று போவார்கள். அடுத்து, நோய் தொற்றும். ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்த கிண்ணத்துக்குப் பரவும் என்று அஞ்சி, மங்கியதைக் குப்பையில் போடுவார்கள். ஜீனெட் நிறுவனமும் ஹாக்கிங் நிறுவனமும் அக்காலத்தில் மலிவாக வார்த்துத் தள்ளியவைதான் என்றாலும், அந்த வார்ப்புகள் பல இன்று இல்லை. மங்கிய கிண்ணம் பயன்பாட்டுக்கு உதவாததும் அன்று.

மறுமொழி (பள்ளி ஆசிரியை, சிங்கப்பூர்)

வணக்கம். குறளின் கண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பேச்சுவழக்குத் தோன்றியது. ‘காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போயிற்று’ என்கிறோமே. அந்தப் ‘பூத்தல்’ இதற்குப் பொருந்தாதா? தஞ்சை ஐயா காட்டிய பொருள் அப்படியே இருக்கிறது, சொல்லும் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. ‘பூத்த கண்ணாடி’ என்று வைக்கலாம்.

மறுமொழி (திருநெல்வேலி)

சொல் அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுவரில் உப்புப் பூக்கிறது, ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கிறது என்றும் சொல்கிறோம். இவை எல்லாம் மேலே புதிதாக வந்து சேர்ந்தவை; துடைத்தால் போகக்கூடியவை. எதற்காகத் தனிச்சொல் தேடினோமோ அந்த வேறுபாட்டையே ‘பூத்தல்’ தலைகீழாக்கிவிடுகிறது. வெளியேறிய சோடியம் மேற்பரப்பில் உப்பாகத் தோன்றும் கட்டம் ஒன்று உண்டு என்பதால் முதல் நிலைக்கு அது பொருந்தலாம். ஆனால் கையேடு பேசுவது அதற்குப் பிந்திய நிலையைப் பற்றி.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

என் சிக்கல் வேறொரு திசையிலிருந்து வருகிறது. பெருமந்தக் காலக் கண்ணாடியில் பூவேலைப்பாடு மிகுதி. ஜீனெட் நிறுவனம் 1930 முதல் 1939 வரை வார்த்த ‘செர்ரி பிளாசம்’, ஹாக்கிங் வார்த்த ரோஜா பொறித்த ‘மேஃபேர்’ ஆகியவை இந்த நூலில் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘பூத்த இளஞ்சிவப்புத் தட்டு’ என்று எழுதினால், பூப்பொறித்த தட்டு என்றே எவரும் படிப்பார்கள். விலைப்பட்டியலில் அது பெருங்குழப்பம் ஆகும். பெயர்ச்சொல்லாகப் ‘பூப்பு’ என்று வைக்கவும் முடியாது. அதற்கு உறுதியான வேறு பொருள் இருக்கிறது.

மறுமொழி (இலக்கண ஆய்வாளர், கோயம்புத்தூர்)

இரண்டு தடைகளையும் ‘போ’ என்ற துணைவினை தீர்க்கிறது என்று கருதுகிறேன். கெட்டுப்போனது, வாடிப்போனது, உளுத்துப்போனது என்னும்போது, மீளாத கேடு நேர்ந்துவிட்டது என்ற பொருளை முதல்வினையோடு அந்தத் துணைவினை சேர்த்துத் தருகிறது. உப்புப் பூத்த சுவர் என்போம். சுவர் பூத்துப்போயிற்று என்று சொல்வதில்லை. பூத்த செடி என்போம். செடி பூத்துப்போயிற்று என்று எவரும் மகிழ்ந்து சொல்வதில்லை. கண்ணுக்குத்தான் அது வருகிறது. எனவே ‘பூத்துப்போன கண்ணாடி’ என்று முழுமையாக எழுதினால், பூ வேலைப்பாடும் நினைவுக்கு வராது, துடைத்தால் போகும் என்ற நம்பிக்கையும் பிறக்காது.

‘பூத்துப்போதல்’ அட்டவணைக்கு நீளம்தான். நீளத்துக்கு அஞ்சிச் சொல்லை வெட்டியதால்தான் நம் கலைச்சொல் தொகுதிகள் பலவற்றில் பொருள் விளங்காத ஈரசைச் சொற்கள் நிறைந்திருக்கின்றன.

மறுமொழி (தஞ்சாவூர்)

துணைவினையைக் கலைச்சொல்லின் உறுப்பாக வைப்பதை நான் ஏற்கவில்லை. கலைச்சொல்லிலிருந்து பெயரும் வினையும் அடையும் பிறக்க வேண்டும். ‘பூத்துப்போகாமை’, ‘பூத்துப்போதல் தடுப்பு’, ‘பூத்துப்போகும் தன்மை’ என்று விரியும்போது அது சொல்லாக நிற்காது; தொடராகிவிடும். ‘புற்கு’ என்றால் புற்குறாமை, புற்குத்தடுப்பு, புற்குத்தன்மை என்று எளிதாகப் பெருகும். விளங்காத சொல் பழகப் பழக விளங்கும். ‘மின்சாரம்’ முதல் நாளிலேயே விளங்கியிருக்குமா?

மறுமொழி (யாழ்ப்பாணம்)

‘நோய்’ வேண்டாம் என்பதற்குச் சொன்ன காரணங்களை ஏற்கிறேன். இடையில் ஒன்று விடுபட்டுவிட்டது. 1940களில் பைரெக்ஸ் என்ற வணிகப்பெயரில் வந்த, மாவு கலக்கும் வண்ணக் கிண்ணங்களும் இயந்திரத்தில் கழுவிக் கெடுகின்றன. சேகரிப்பாளர்கள் இதை ‘டிஷ்வாஷர் டேமேஜ்’ (கழுவும் இயந்திரத்தால் வந்த கேடு) என்பதன் சுருக்கமாக ‘டி.டபிள்யூ.டி.’ என்று சொல்கிறார்கள். அங்கே நிறம் கண்ணாடிக்குள் இல்லை. வெண்கண்ணாடியின் மேல் பூசிச் சுட்ட பூச்சு அது. பூச்சு மினுக்கம் இழந்து, பிறகு சுண்ணம்போல் உதிர்கிறது. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தேய்ப்பது உடலுக்கும் நல்லதன்று. அதையும் இந்தச் சொல்லில் அடக்கினால் தவறாகும்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

சரியாகச் சொன்னீர்கள், அம்மா. பூச்சுக்கு ‘வெளிறல்’ என்று தனியாக எழுதுகிறேன். அதைத் தேய்க்க வேண்டாம் என்ற எச்சரிக்கையையும் அதே பத்தியில் சேர்க்கிறேன்.

நாள் நெருங்கிவிட்டதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கையேட்டின் உடற்பகுதியில் ‘படிவு’, ‘பூத்துப்போதல்’ என்ற இரண்டையும் ஆள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘சிக் கிளாஸ்’ என்ற வழக்குச் சொல்லைத் தமிழெழுத்தில் தருகிறேன். இணையத்தில் பாத்திரம் வாங்குபவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். அப்பத்தி இவ்வாறு அமைகிறது:

“பாத்திரத்தை அறைச்சூட்டில் வைத்து, துணி விரித்த பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரால் கழுவுக. மங்கல் எஞ்சினால் வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவிட்டு, அலசி, முற்றிலும் உலரவிடுக. உலர்ந்தபின் மங்கல் இல்லையெனில் இருந்தது படிவு. மங்கல் திரும்பினால் கண்ணாடி பூத்துப்போயிருக்கிறது. அதற்குமேல் வீட்டில் எதையும் செய்ய வேண்டாம். சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகிடுவோர் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கையே தேய்த்து நீக்குகிறார்கள். வார்ப்பில் எழுந்துநிற்கும் கோலங்களும் அதில் மழுங்கும்.”

மறுமொழி (திருநெல்வேலி)

பத்தி நன்று. ‘பூத்துப்போதல்’ முதன்முதலாக வரும் இடத்தில், கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறியதன் விளைவு என்ற ஒரு தொடரைச் சேர்த்துவிட்டால் என் மறுப்பை நிறுத்திக்கொள்கிறேன். ஈரத்தோடு மூடிவைக்க வேண்டாம் என்பதையும் எழுதுங்கள். புட்டிக்குள் தங்கும் சில துளி நீர் கேட்டைத் தொடங்கிவைக்கப் போதுமானது.

மறுமொழி (தஞ்சாவூர்)

பெரும்பான்மை எப்படியோ அப்படியே ஆகட்டும். நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்க வேண்டும். குழுவின் சொற்பட்டியலில் ‘பூத்துப்போதல்’ என்பதன் எதிரில் ‘புற்கு’ என்பதையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பளிங்கு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.