ஜீன்ஸ் பாக்கெட்டுக்குத் தோதான குட்டிப் பேனா எது?

நெடுங்கோடு:
மேல்பாக்கெட் இல்லாத டி-ஷர்ட்தான் தினமும். ஜீன்ஸ் முன்பாக்கெட்டில் சாவியோடு கிடந்தாலும் உட்காரும்போது குத்தாத பேனா வேண்டும். கூரியர் ரசீது, கார்பன் வைத்த பில் புக், பேங்க் சலான் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை. மூடியபோது 11 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. பால் பாயிண்டா, ஜெல்லா, இங்க் பேனாவா?

முனை07:
கார்பன் என்றதுமே பாதி முடிவாகிவிட்டது. அடிக்காப்பி விழ அழுத்தி எழுத வேண்டும், அதனால் பால் பாயிண்ட்தான். ஜெல் மை வழவழப்பான ரசீதில் காயாமல் இழுவிக்கொள்ளும்.

மூடிய நீளத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மூடியைப் பின்னால் செருகியபின் 12 செ.மீ.யாவது வரவேண்டும். இல்லாவிட்டால் பேனாவின் வால் கட்டைவிரல் இடுக்கில் சாயாது, விரல் நுனி வலிக்கும். ஃபிஷர் ஸ்பேஸ் பென் புல்லட் மூடினால் சுமார் 9.5 செ.மீ., செருகினால் 13.5. ரீஃபிலுக்குள் நைட்ரஜன் அழுத்தம் இருப்பதால் சுவரில் தாளை வைத்து எழுதினாலும் மை வரும். சாதாரண ரீஃபிலில் முனைப்பக்கம் காற்று புகுந்து நின்றுவிடும்.

குறையும் உண்டு. வெகுநேரம் கழித்து எடுத்தால் முதல் கோட்டில் மை திட்டாக விழலாம், ஓரத்தில் ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு எழுதுங்கள். மூடியைப் பிடித்து நிறுத்துவது ஒரு ரப்பர் வளையம். அதில் பாக்கெட் பஞ்சு சேர்ந்தால் பிடி தளரும், அவ்வப்போது துடைக்க வேண்டும்.

சில்லறைக்காரன்:
கூரியர் கையெழுத்துக்கு அவ்வளவு செலவு எதற்குங்க? டி1 ரீஃபில் போடுற குட்டிப் பேனாக்கள் போதும். 67 மி.மீ. நீளம், 2.35 மி.மீ. விட்டம், ஒரே பேனாவுல பல நிறம் வர்ற வகையில் இருக்கிற அதே ரீஃபில். மை கொஞ்சம்தான், பக்கம் பக்கமா எழுதினா சீக்கிரம் தீரும். திருகு கிடையாது, நேராப் பிடிச்சு இழுத்தா வந்துடும், புதுசை அதே மாதிரி தள்ளணும். வளைச்சு இழுத்தா குழாய் ஒடுங்கும்.

ஒண்ணு மட்டும்: பட்டன் அமுக்குற பேனா சாவிப் பாக்கெட்டுக்கு வேண்டாம். சாவி பட்டனை அமுக்கிடும், முனை வெளிய வந்து துணியில் மை ஊறும். மூடி இல்லைன்னா திருகு வகைதான்.

நீலக்கறை:
இங்க் பேனா ஆசையிருந்தால் காவெகோ ஸ்போர்ட். மூடினால் 10.5 செ.மீ., மூடியும் திருகு. ஆனால் உடம்புச் சூட்டில் உள்ளே காற்று விரிந்து மையைத் தள்ளும், நிப் கீழ்நோக்கிக் கிடந்தால் மூடிக்குள் கசியும். கார்பனுக்கு உதவவே உதவாது. இன்னொன்று, அழித்து எழுதும் ஃபிரிக்ஷன் வகையைச் சலானுக்குத் தொடாதீர்கள். 60 டிகிரியில் அந்த மை மறைந்துவிடும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டே போதும்.

நெடுங்கோடு:
புல்லட் வாங்குமுன் அந்த மையை எழுதிப் பார்க்க வழியுண்டா?

முனை07:
ரீஃபிலை மட்டும் வாங்குங்கள். கூடவே வரும் சின்ன பிளாஸ்டிக் துண்டை வால்பக்கம் மாட்டினால் பார்க்கர் ஜாட்டர் பால் பாயிண்ட் பேனாவில் உட்காரும். பிறகு புல்லட்டுக்கு மாற்றும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் ரீஃபில் நீண்டு, முன்பகுதித் திருகு முழுதாக இறங்காது.