வெனிசுவேலாவா ஜிம்பாப்வேயா, எது ரொம்ப மோசம்?

கேள்வி: ரெண்டு நாட்டுலயும் காசு வெறும் காகிதமாயிடுச்சுனு படிச்சேன், ஆனா சாதாரண ஜனங்க பாடு எங்க அதிகம், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா?

பதில்: நோட்டு விஷயத்துல ஜிம்பாப்வேய அடிச்சிக்க ஆளில்ல பாஸ், 2009 ஜனவரில 100 டிரில்லியன் டாலர்னு ஒரே நோட்டு, 14 சைபர்! அதே வருஷம் சொந்த காச கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறுனாங்க, அப்புறம்தான் கடையில சாமானே கண்ணுல பட்டுச்சு.

பதில்: எனக்கு வெனிசுவேலாதான் வயித்தெரிச்சல். உலகத்துலயே அதிக எண்ணெய் இருப்ப வச்சிக்கிட்டு பெட்ரோலுக்கு க்யூ நின்னாங்க, காசு மதிப்புல 2018ல 5 சைபர், 2021ல 6 சைபர்னு வெட்டியும் விலைவாசி அடங்கல, 70 லட்சம் பேருக்கு மேல நாட்ட விட்டே போயிட்டாங்க, கொலம்பியாவுக்கு நடந்தே போனவங்களும் உண்டு.

பதில்: வெனிசுவேலால எண்ணெய மட்டும் நம்புனாங்க, ஜிம்பாப்வேல 2000ல இருந்து பெரிய பண்ணைங்கள புடுங்கி விவசாயம் படுத்துருச்சு. நோட்டடிக்கிற பழக்கம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு :)